ஒளிக்கு ‘ஒன்வே’ போடும் குட்டிக் கருவி... சிப்புக்குள் அடங்க மறுப்பது ஏன்? செஞ்சி ரீல்ஸ் முதல் குவான்டம் ரகசியம் வரை!

செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய அங்கீகாரம் கிடைத்தது 2025 ஜூலையில். மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் பட்டியலில் சேர்ந்த 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும்தான். ராஜகிரி மலை ஏறி முடித்ததும் பலரும் செய்யும் முதல் வேலை என்ன? மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு ரீல்ஸ் எடுத்து அப்லோடு பண்ணுவதுதான்.

அந்த வீடியோ போனிலிருந்து டவர் வரைக்கும்தான் ரேடியோ அலையாகப் போகும். அதற்கப்புறம், நேராகவோ அடுத்த டவர் வழியாகவோ, கண்ணாடி இழைக்குள் நுழைந்துவிடும். அங்கே அது வெறும் ஒளி. ஒரு லேசர், நொடிக்குப் பல நூறு கோடி முறை கண் சிமிட்டுவதுபோல விட்டு விட்டு எரிந்து, உங்கள் வீடியோவைச் சென்னைக்கும் அதைத் தாண்டியும் அனுப்புகிறது.

இந்த லேசருக்கு ஒரு எதிரி உண்டு. வெளியாள் இல்லை, அது அனுப்பிய ஒளியேதான். போன ஒளியில் ஒரு துளி எங்கேயாவது முட்டித் திரும்பி வந்தால் போதும், லேசர் தடுமாற ஆரம்பித்துவிடும். அதைத் தடுக்க லேசரின் வாசலில் ஒரு காவலாளி நிற்கிறது. அதன் பெயர் ‘ஆப்டிகல் ஐசோலேட்டர்’. போகும் ஒளிக்கு வழிவிடும், திரும்பி வரும் ஒளியை மறிக்கும்.

லேசர், மாடுலேட்டர், ஃபில்டர், டிடெக்டர் என ஒளித் தொடர்பின் மற்ற பாகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சிப்புக்குள் போய்விட்டன. இந்தக் காவலாளி மட்டும் பெரும்பாலும் இன்னும் வெளியேதான் நிற்கிறது. ஏன்?

திரும்பி வரும் ஒளி அப்படி என்ன செய்துவிடும்?

கோயில் திருவிழாவில் மைக்செட் போடும்போது கவனித்திருப்பீர்கள். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே மைக்கைப் பிடித்தால் ‘கொய்ங்’ என்று ஒரு ஊளைச் சத்தம் வரும். ஸ்பீக்கரிலிருந்து வந்த சத்தமே மறுபடி மைக்குக்குள் நுழைந்து, மறுபடி பெருகி, மறுபடி நுழைவதால் வருவது அது.

லேசருக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். லேசர் என்பதே உள்ளே இருக்கும் ஒளியைப் பெருக்கித் தரும் கருவி. தான் விட்ட ஒளி திரும்பி உள்ளே வந்தால் அதையும் சேர்த்துப் பெருக்கும். விளைவு: பிரகாசம் நிலையில்லாமல் துடிக்கும், நிறம் தாவும், சிக்னலில் இரைச்சல் ஏறும்.

ஒளி எங்கே முட்டித் திரும்புகிறது? கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பும். ஃபைபர் இணைப்பில் நூலிழை இடைவெளி இருந்தாலே ஆபத்து. உங்கள் வீட்டு ஃபைபர் பெட்டியில் பச்சை நிற கனெக்டர் இருந்தால் அதன் முனை நேராக இல்லாமல் 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும். திரும்பும் ஒளி இழைக்குள் போகாமல் பக்கவாட்டில் சிதறட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. ஆனால், இழை நெடுகிலும் கண்ணாடியே கொஞ்சம் கொஞ்சமாக ஒளியைப் பின்னோக்கிச் சிதறடிக்கும். அதற்குச் சாய்வு முனை உதவாது.

ஒருபக்கக் கண்ணாடி மாட்டினால் போதாதா?

போதாது. போலீஸ் ஸ்டேஷன் காட்சிகளில் சினிமாக்காரர்கள் காட்டும் அந்த ‘ஒருபக்கக் கண்ணாடி’ உண்மையில் ஒருபக்கம் இல்லை. ஒரு அறை வெளிச்சமாகவும் இன்னொரு அறை இருட்டாகவும் இருப்பதால்தான் அந்த வித்தை பலிக்கிறது. இருட்டு அறையில் லைட்டைப் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சாதாரண கண்ணாடி, லென்ஸ், ஃபில்டர் எதை எப்படி அடுக்கினாலும், ஒளி ஒரு திசையில் போக முடிந்த பாதையில் எதிர்த் திசையிலும் வர முடியும். நான் உன் கண்ணைப் பார்க்க முடிந்தால் நீயும் என் கண்ணைப் பார்க்க முடியும், அவ்வளவுதான் விஷயம். இயற்பியலில் இதை எதிரிணைத் தன்மை என்று சொல்லலாம்.

ராஜகிரியில் உச்சிக்குச் சற்று முன்னால் பாறையில் ஒரு பெரிய பிளவு இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். மேலே ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி ஏற முடியாது. ஆனால், மேலே இருப்பவரும் இறங்க முடியாது. வைத்தால் இருவருக்கும் வழி, எடுத்தால் இருவருக்கும் இல்லை. ஐசோலேட்டர் செய்ய வேண்டியது அதைவிட விநோதம். போகிறவருக்குப் பாலம் இருக்க வேண்டும், அதே நொடியில் வருகிறவருக்கு இருக்கக் கூடாது.

இந்த விதியை உடைக்க நன்கு நிரூபிக்கப்பட்ட வழி ஒன்று இருக்கிறது. காந்தம்.

ஃபாரடே கண்டுபிடித்த ‘குறுக்குக் காற்று’

1845 செப்டம்பரில் லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஒரு கனமான ஈயக் கண்ணாடித் துண்டைக் காந்தப் புலத்தில் வைத்து அதன் வழியே ஒளியைச் செலுத்தினார். ஒளி அலை எந்தத் தளத்தில் அதிர்கிறதோ அந்தத் தளம் கொஞ்சம் சுழன்றது. காந்தத்துக்கும் ஒளிக்கும் உறவு உண்டு என்று முதன்முதலில் காட்டிய சோதனை அது. ‘ஃபாரடே விளைவு’ என்று இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

சுழற்றுவது பெரிய விஷயமில்லை. சர்க்கரைத் தண்ணீரும்தான் சுழற்றும். ஆனால், சர்க்கரைத் தண்ணீர் சுழல் படிக்கட்டு மாதிரி. ஏறும்போது எவ்வளவு திரும்பினீர்களோ, அதே படியில் இறங்கும்போது அத்தனையும் கழிந்துவிடும். ஃபாரடே சுழற்சி அப்படிக் கழியாது.

இப்படி யோசித்துப் பாருங்கள். செஞ்சியிலிருந்து கிழக்கே திண்டிவனம் ரோட்டில் சைக்கிளில் போகிறீர்கள். வடக்கிலிருந்து பலமான காற்று. உங்களை ஒரு அடி தெற்கே தள்ளுகிறது. திரும்பி வரும்போதும் காற்று வடக்கிலிருந்துதான் அடிக்கிறது. அப்போது நீங்கள் பழைய இடத்துக்கு வருவீர்களா? மாட்டீர்கள். இன்னும் ஒரு அடி தெற்கே போயிருப்பீர்கள். மொத்தம் இரண்டு அடி. காற்றுக்கு நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதில் அக்கறையே இல்லை. காந்தப் புலம்தான் அந்தக் காற்று.

இனி ஐசோலேட்டர் புரிந்துவிடும். முன்னால் ஒரு ‘ஜன்னல் கம்பி’, அதாவது செங்குத்தாக அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர். நடுவில் காந்தப் பொருள், அது ஒளியின் அதிர்வை 45 டிகிரி சுழற்றும். கடைசியில் 45 டிகிரி சாய்ந்த இன்னொரு கம்பி. போகும் ஒளி சுகமாக வெளியே போய்விடும். திரும்பி வரும் ஒளியோ இன்னொரு 45 டிகிரி சுழன்று, மொத்தம் 90 டிகிரியில் படுக்கைவாட்டமாக வந்து முதல் கம்பியில் முட்டி நின்றுவிடும்.

‘ஐசோலேட்டர்’ என்பதைத் ‘தனிமைப்படுத்தி’ என்று தமிழாக்கலாம்தான். ஆனால், கொரோனா காலம்தான் ஞாபகத்துக்கு வருகிறது! அதனால் இந்தக் கட்டுரையில் ஐசோலேட்டர் என்றே விட்டுவிடுகிறோம்.

இந்தத் துறையில் நம் பக்கத்து விஞ்ஞானி ஒருவருக்கும் இடம் உண்டு. சர் சி.வி.ராமனின் மருமகன் முறையான எஸ்.ராமசேஷன், 1940களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பல படிகங்களின் ஃபாரடே விளைவை அளந்தவர். வைரத்தில் ஃபாரடே விளைவு பற்றிய அவரது கட்டுரை 1946-ல் வெளியானது. லேசர் என்ற கருவியே பிறக்காத காலம் அது.

சர்க்குலேட்டர்னா என்ன?

ஐசோலேட்டரின் அண்ணன். செஞ்சியிலிருந்து மேற்கே 40 கி.மீ. போனால் திருவண்ணாமலை. கிரிவலப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். இந்திர லிங்கத்தில் சேர்ந்தவர் அடுத்து அக்னி லிங்கத்துக்கு வருவார். அக்னி லிங்கத்தில் சேர்ந்தவர் எம லிங்கத்துக்கு. யாரும் வந்த பக்கம் திரும்புவதில்லை. சர்க்குலேட்டரும் அப்படித்தான். முதல் வாசலில் நுழைந்த ஒளி இரண்டாம் வாசலில் வெளியேறும். இரண்டாம் வாசலில் நுழைந்தது மூன்றாம் வாசலுக்குப் போகும், முதலாவதுக்குத் திரும்பாது.

ஒரே இழையில், ஒரே நிறத்தில், போக்கும் வரத்தும் இருந்தால் இது தேவைப்படும். வீட்டு ஃபைபரில் பொதுவாக இதற்கு வேலை இல்லை. அங்கே போகும் ஒளியும் வரும் ஒளியும் வேறு வேறு அலைநீளம், ஃபில்டரே பிரித்துவிடும். பாலம், குழாய்ப்பாதை போன்றவற்றில் விரிசலையும் வெப்பத்தையும் கண்காணிக்கும் ஃபைபர் சென்சார்களில் சர்க்குலேட்டர் முக்கியமான பாகம்.

இப்போது எவ்வளவு பெரிசு?

ஃபைபரோடு இணைக்கும் ஐசோலேட்டர் சுமார் 5 மி.மீ. தடிமன், 3 செ.மீ. நீளம். உடைந்த சாக்பீஸ் மாதிரி இருக்கும். லேசர் மாட்யூலுக்குள் வைப்பது கடுகு அளவுக்குச் சிறியது. உள்ளே இருப்பது கார்னெட் என்ற வகைப் படிகம். 1956-ல் பிரான்ஸின் கிரெனோபிளில் கண்டறியப்பட்ட யிட்ரியம் அயர்ன் கார்னெட், சுருக்கமாக ‘யிக்’, இந்தக் குடும்பத்தின் தலைவர். தொலைத்தொடர்பில் பயன்படும் 1.55 மைக்ரான் ஒளி இதற்குள் கிட்டத்தட்ட இழப்பே இல்லாமல் போகும். 45 டிகிரி சுழற்ற 2 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் நீளம் வேண்டும். பிஸ்மத் கலந்தால் அரை மி.மீ. போதும்.

செயல்திறனில் இதைக் குறை சொல்லவே முடியாது. திரும்பும் ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைக்கும், போகும் ஒளியில் சிறு பங்கை மட்டும் இழக்கும். பிரச்சினை வேறு. ஒவ்வொன்றையும் தனியாகச் செய்து, லேசருக்கு முன்னால் மைக்ரான் துல்லியத்தில் நேர்படுத்தி ஒட்ட வேண்டும். சிப் தொழிலின் பலமே ஒரே தட்டில் ஆயிரக்கணக்கில் ஒருசேர அச்சடிப்பதுதான். ஆயிரம் இட்லி ஒன்றாக வெந்த பிறகு ஒவ்வொன்றின் மேலும் ஒரு மிளகைத் தேடித் தேடி வைப்பது மாதிரி இது.

சிப்புக்குள் போக என்னதான் தடை?

முதல் தடை, சிலிக்கானுக்குக் காந்த குணம் இல்லை. ஃபாரடே சுழற்சி அதில் இல்லை என்றே சொல்லலாம். எனவே கார்னெட்டைக் கொண்டுவந்து சேர்த்தே ஆக வேண்டும்.

சேர்க்கப் போனால் இரண்டாவது தடை. படிகம் என்பது அணுக்கள் போட்ட கோலம். சிலிக்கானின் புள்ளி இடைவெளி 0.54 நானோமீட்டர். கார்னெட்டுக்கு 1.24 நானோமீட்டர். ஒரு கோலத்தின் மேல் இன்னொன்று பொருந்தவே பொருந்தாது. சரி, பொருந்தாமலே படியவைக்கலாம் என்றால், கார்னெட் ஒழுங்காகப் படிகமாக 700, 800 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். உலோக இணைப்புகள் போட்டு முடித்த சிப் 400 டிகிரியைச் சற்றே தாண்டினாலும் கெட்டுப்போகும். சூட்டில் படியவைத்து ஆறவிட்டாலும் நிம்மதி இல்லை. கார்னெட் சிலிக்கானைவிடச் சுமார் நான்கு மடங்கு சுருங்கும். மேலே இருக்கும் படலம் ஏரி வற்றிய சேறு மாதிரி வெடித்துவிடும்.

மூன்றாவது தடை கொஞ்சம் நுட்பமானது, ஆனால் சுவாரஸ்யம் இங்கேதான். சிப்பில் ஒளி போகும் சிலிக்கான் கால்வாய் சுமார் 450 நானோமீட்டர் அகலம், 220 நானோமீட்டர் உயரம். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அகலமும் உயரமும் வேறாக இருப்பதால், படுக்கையாக அதிரும் ஒளியும் நிமிர்ந்து அதிரும் ஒளியும் அதற்குள் வேறு வேறு வேகத்தில் போகும். ஒன்று மற்றொன்றாகச் சுழல ஆரம்பித்த உடனே இரண்டும் தாளம் தப்பி, சுழற்சி சேராமலே கலைந்துவிடும். அதாவது, கார்னெட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டாலும் பழைய 45 டிகிரி உத்தி சிப்பில் எளிதில் எடுபடாது.

அதனால் ஆராய்ச்சியாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். கால்வாயின் மேல் காந்தமூட்டிய கார்னெட்டை வைத்தால், முன்னோக்கிப் போகும் ஒளிக்கும் பின்னோக்கி வரும் ஒளிக்கும் வேகம் மிகச் சிறிதளவு வித்தியாசப்படும். கால்வாயை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்த்தால், போகும்போது இரண்டு கிளையிலிருந்தும் வரும் அலைகள் ஒரே தாளத்தில் சேர்ந்து பலமாகும்படியும், திரும்பும்போது எதிர்த் தாளத்தில் ஒன்றையொன்று அழிக்கும்படியும் அமைத்துக்கொள்ளலாம். ஒளியைச் சுழற்றவே வேண்டாம், தாளத்தை மாற்றினால் போதும்.

யார் யார் சாதித்தார்கள்?

டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் டெட்சுயா மிசுமோட்டோ, யுயா ஷோஜி குழு 2008-ல் கார்னெட்டைத் தனியே வளர்த்து சிலிக்கான் மேல் நேரடியாக ஒட்டவைத்துக் காட்டியது. அவர்கள் கையில் எடுத்தது சீரியம் கலந்த யிக். நல்ல படலத்தில் ஒரு செ.மீ.க்கு 4,500 டிகிரி வரை சுழற்றக்கூடியது. வெறும் யிக்கைவிட 20 மடங்குக்கும் மேல்.

2011-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் லெய் பி, கரோலின் ராஸ் குழு ஒட்டாமல், சிலிக்கான் மேலேயே கார்னெட்டைப் படியவைத்தது. ஓட்டப்பந்தயத் தடம் மாதிரி வளைந்த அந்தக் கருவியின் நீளம் 290 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! 19.5 டெசிபல் தடுப்பு கிடைத்தது. அதாவது, திரும்பும் ஒளி ஏறக்குறைய 90-ல் ஒரு பங்கு ஆனது. ஆனால், போக வேண்டிய ஒளியிலும் பெரும்பகுதி காணாமல் போனது.

2016-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் ஜான் பவர்ஸ் குழு நிரந்தரக் காந்தத்தையே தூக்கிவிட்டு, வளையத்தின் மேல் ஒரு தங்கக் கம்பிப் பட்டையில் மின்சாரம் ஓடவிட்டது. 32 டெசிபல், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவாக எதிரொளி வந்தது. மின்சாரத்தின் திசையைத் திருப்பினால் ‘ஒன்வே’ போர்டும் திரும்பிவிடும். சிப் மேலான சர்க்குலேட்டரும் அதே குழுவிடமிருந்து அடுத்து வந்தது.

வளையங்களில் ஒரு சிக்கல். வெப்பம் ஒரு டிகிரி மாறினாலே அவை வேலை செய்யும் நிறம் சுமார் 0.08 நானோமீட்டர் நகரும். ஏசி ஆய்வகத்தில் பரவாயில்லை, விழுப்புரம் மாவட்டத்து மே மாத வெயிலில் ரோட்டோரப் பெட்டிக்குள் வைத்தால் வெப்பத்தைக் கட்டுப்படுத்தத் தனி மின்சாரம் செலவாகும். வளையம் இல்லாத வகைகள் அகலமான நிறப் பட்டையில் வேலை செய்யும், ஆனால் இடம் அதிகம் பிடிக்கும். ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவும் நிலை.

காந்தமே இல்லாமல் முடியாதா?

முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். ஒலி அலையால் கால்வாயை அதிரவைப்பது ஒரு வழி. மின்புலத்தை வேகமாக மாற்றுவது இன்னொரு வழி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் லித்தியம் நையோபேட் சிப்பில் 2023-ல் செய்து காட்டியது இந்த வகை. ஆனால், இவற்றுக்கு ஓயாமல் மின்சார சிக்னல் ஊட்ட வேண்டும். கார்னெட் காவலாளிக்குச் சம்பளமும் இல்லை, சாப்பாடும் இல்லை.

ஒளியின் பலத்தையே பயன்படுத்தும் மூன்றாவது வழியும் உண்டு. ஸ்டான்ஃபோர்டின் யெலேனா வுச்கோவிச் குழு 2022-ல் வெளியிட்டது. கவனம் வேண்டியது இதில்தான். பலமான ஒளி போய்க்கொண்டிருக்கும்போது மெல்லிய எதிரொளி எதுவாக இருந்தாலும் தடுக்கும் என்று இந்த வகையில் எல்லாக் கருவிகளையும் நம்பிவிட முடியாது என 2015-லேயே அதே ஸ்டான்ஃபோர்டின் ஷான்ஹுயி ஃபேன் குழு எச்சரித்திருந்தது. புதிய கருவிகள் அந்த எல்லையைப் புரிந்துகொண்டு லேசருக்கு ஏற்றபடி வடிவமைக்கப்பட்டவை. ‘காந்தமில்லா ஐசோலேட்டர் வந்தாச்சு’ என்ற தலைப்பைப் பார்த்தால், எந்த வகை என்று ஒருமுறை உள்ளே படித்துவிடுங்கள்.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன இருக்கு?

தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் 12,525 கிராம ஊராட்சிகளை இழையால் இணைக்கும் பாரத்நெட் வேலையைக் கையாள்கிறது. செஞ்சியைச் சுற்றியுள்ள ஊராட்சிகளும் அதில் அடக்கம். இழை போடுவது ஒரு பாதி. முனையில் இருக்கும் ஒளிக் கருவியை யார் செய்கிறார்கள் என்பது மறுபாதி. சென்னை ஐஐடியில் மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சக ஆதரவில் சிலிக்கான் ஃபோட்டானிக்ஸ் சிறப்பு மையம் இயங்குகிறது. பேராசிரியர் பிஜோய் கிருஷ்ண தாஸ் தலைமையிலான இந்த மையம், ஒளிச் சிப்புகளை வடிவமைப்பது முதல் உறையிட்டு முடிப்பது வரையிலான திறனை இங்கேயே உருவாக்கப் பார்க்கிறது.

மூலப்பொருள் பக்கமும் ஒரு செய்தி இருக்கிறது. சீனா 2025 ஏப்ரலில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த 7 அரிய மண் தனிமங்களில் யிட்ரியம், டெர்பியம், காடோலினியம் மூன்றும் உண்டு. மூன்றுமே ஐசோலேட்டர் படிகங்களோடு தொடர்புள்ளவை. சீரியம் அந்தப் பட்டியலில் இல்லை. அது கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் தாராளமாக இருக்கிறது. மணல் எடுப்பதால் வரும் கதிரியக்க அச்சமும் எதிர்ப்பும் தனி விவாதம். ஆனால், ஐசோலேட்டர் படலத்துக்குத் தேவைப்படும் அளவு மிக மிகச் சொற்பம். எனவே, இங்கே குறை மணலில் இல்லை. தனிமத்தைச் சுத்தப்படுத்தி, அணு அணுவாகப் படியவைக்கும் கைத்திறனில்தான்.

இதைவிட அவசரமான தேவை ஒன்று குவான்டம் தொடர்பில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தேசிய குவான்டம் மிஷனின் மதிப்பு ரூ.6,003.65 கோடி. அதன் நான்கு மையங்களில் குவான்டம் தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில், சி-டாட் நிறுவனத்துடன் சேர்ந்து அமைகிறது. ரகசியச் சாவியை ஒற்றை ஒளித்துகள்களில் அனுப்பும் இந்த முறையை யாராலும் ஒட்டுக்கேட்க முடியாது என்பார்கள். கோட்பாட்டில் அது சரி. ஆனால், எதிரி இழை வழியாகப் பலமான ஒளியை அனுப்புபவரின் கருவிக்குள்ளேயே பாய்ச்சி, உள்ளே பட்டுத் திரும்பும் ஒளியைப் பார்த்து, அனுப்புபவர் எந்த அமைப்பை வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ள முடியும். இதற்கு ‘ட்ரோஜன் குதிரைத் தாக்குதல்’ என்று பெயர். இதைத் தடுக்க வாசலில் நிற்கும் முக்கியக் காவல்களில் ஒன்று ஐசோலேட்டர்.

அந்தக் காவலையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். வணிகச் சந்தையில் கிடைக்கும் ஃபைபர் ஐசோலேட்டர்கள், சர்க்குலேட்டர்கள் மீது உயர் ஆற்றல் லேசரைப் பாய்ச்சினால் அவற்றின் தடுக்கும் திறன் குறைகிறது என்று 2022-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே, இத்தகைய கருவிகளில் ஒன்றுக்கு முன்னால் இன்னொன்று என்று கூடுதல் ஐசோலேட்டரை வரிசையாக வைப்பது ஒரு தீர்வாகச் சொல்லப்படுகிறது. சாக்பீஸ் அளவுக் குழாய்களை இரண்டு மூன்று என்று அடுக்கினால், விரல்நுனி அளவு குவான்டம் சிப்பைச் சுற்றி அதைவிடப் பெரிய பெட்டி வேண்டியிருக்கும். சிப்புக்குள் வரும் கார்னெட்டோ இன்னும் இழப்பில் பின்தங்கியே இருக்கிறது. இப்போதைக்கு அந்தக் குழாய்கள் வெளியேதான் தொங்கும்.